பிறை பார்த்துக் கொடுத்த வாடகை

ஊரில் மற்றவர்கள் நோன்புக்கும் பெருநாளைக்கும்தான் பிறை தேடினார்கள். என் அத்தா வாடகைக்குப் பிறை தேடினார். மாதம் முடிகிற நாள் வந்தால், பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டு பேகம்பூரில் எங்கள் தெருமுனையில் நின்றுகொள்வார். கழுத்தை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கி, மலைக்கோட்டைப் பக்கத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். போகிறவர் வருகிறவரெல்லாம், "என்ன பாய், நாளைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள். "வாடகை" என்பார் அத்தா. கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். வாசல் கதவிடுக்கில் நிற்கும் எனக்கு மானம் போகும்.

நான் இன்றைக்கும் எந்தப் பில்லையும் கடைசித் தேதிக்கு முந்தின நாள்தான் கட்டுவேன். ஒரு நாள் முன்னால் கட்டச் சொன்னாலும் கட்டமாட்டேன். "காசை வச்சிக்கிட்டு எதுக்கும்மா இப்படி இழுத்தடிக்கிறீங்க?" என்று என் மகள் சடைத்துக்கொள்வாள். சடைக்கட்டும். முன்கூட்டிக் கொடுப்பது என்றாலே எனக்கு வயிற்றெரிச்சல். அதற்குக் காரணம் இருக்கிறது.

அத்தாவுக்குத் தோல் மண்டியில் வேலை. உப்புப் போட்டு வருகிற ஆட்டுத்தோலை விரித்துப் பார்த்து, கீறல், ஓட்டை, அம்மைத் தழும்பு பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மண்டி லீவு என்பதால் வியாழன் சாயங்காலம் வாரக்கூலி. கூலி வந்ததும் அம்மா முந்தானையில் கொட்டிவிட்டு, ஐந்து பால்பவுடர் டப்பாக்களைக் கொண்டுவரச் சொல்வார். பாலுக்கு ஒன்று, சலவைக்கு ஒன்று, பலசரக்குக்கு ஒன்று, வாடகைக்கு ஒன்று, என் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு ஒன்று. வாரக்கூலி வாங்குகிற ஆளுக்கு மாதம் என்று ஒன்று இயல்பாக வராது. அதை அவரே ஓரிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அத்தா பிறையில் வைத்துக்கொண்டார்.

"நோன்பு பிறையில வருது. ஹஜ்ஜு பிறையில வருது. ஜக்காத்தும் பிறையிலதான். வாடகை மட்டும் வெள்ளக்காரன் மாசத்துல போகணுமாக்கும்?" என்பார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "வெள்ளக்காரன் போயி எம்புட்டு நாளாச்சு" என்பாள். அத்தாவுக்கு அது காதில் விழாது.

வீட்டுக்காரர் ஒரு பெரியவர். குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காடு, எங்கள் தெருமுனையில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. எங்கள் வீடும் அவருடையதுதான். முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை, நடுவில் வெயில் விழுகிற சின்ன முற்றம். வாடகை பன்னிரண்டு ரூபாய். பிறை தெரிந்த மறுநாள் காலை அத்தா கடைக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்து, தன்னுடைய நீள நோட்டில் பெரியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவார். பெரியவர் கடைக் காலண்டரைப் பார்த்து இங்கிலீஷ் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். அத்தா வீட்டுக்கு வந்து, அதன் பக்கத்தில் ரஜபு, ஷாபான் என்று பிறை மாதத்தின் பெயரை எழுதுவார். பக்கத்துக்குப் பன்னிரண்டு வரி. ஒரு பக்கம் முடிந்தால் ஒரு வருஷம் முடிந்தது.

"பாயி கிட்ட நான் வாடக கேட்டதே கெடையாது. வானம் கேட்டுக் குடுத்துரும்" என்று பெரியவர் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாராம். அத்தாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. கடனாளி என்று ஒருத்தன் சொல்லிவிடக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வாழ்க்கை. அந்தப் பெருமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

நான் கொடுத்தேன். நாலாம் ஃபாரம், அதாவது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடச் சம்பளம், அந்தக் காலத்து ஃபீஸ், மாதம் நாலேகால் ரூபாய், இங்கிலீஷ் தேதிக்குக் கட்ட வேண்டும். தேதி தாண்டினால் அபராதம், இன்னும் தாண்டினால் பெயரை அடித்துவிடுவார்கள். அந்த டிசம்பரில் என் டப்பா காலியாக இருந்தது. சம்பளம் கட்டாமலே அரைப் பரீட்சை எழுதினேன். லீவு முடிந்து போனால் வகுப்பில் என் பெயரைக் கூப்பிடவில்லை. டீச்சர் நிமிர்ந்து பார்த்து, "வீட்ல சொல்லி கட்டிட்டு வாம்மா" என்றார். வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே, "கையில இல்லத்தா" என்றார்.

அவ்வளவுதான். நான் பெரிய மனுஷி ஆகிவிட்டேன், அதனால் நிறுத்திவிட்டார்கள் என்று தெரு நினைத்துக்கொண்டது. நாங்களும் மறுக்கவில்லை. அல்ஜீப்ரா நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. அதைக் கிழித்துத்தான் அம்மா பிறகு மிளகாய்த்தூள் மடித்தாள். எனக்குப் படிப்பு வரும். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, நன்றாக வரும். கணக்கில் நான்தான் முதல்.

பள்ளிக்கூட டப்பாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதற்குள் வீட்டுக்குக் கரண்டு வந்து, அந்த டப்பா கரண்டுக்குப் போனது. கரண்டு அட்டையில் கடைசித் தேதி என்று ஒன்று போட்டிருந்தது. அத்தா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவனுக்குப் பிறையும் கெடையாது, பெருநாளும் கெடையாது" என்று முனகினார். ஆனால் அதை மட்டும் தேதி தவறாமல் கட்டினார். கரண்டை வெட்டிவிடுவார்கள் அல்லவா. மகள் படிப்பை வெட்டினால் வீடு இருட்டாகாது.

எனக்குப் பதினேழு வயதில் அத்தா மவுத்தானார். நவம்பர் கடைசியில் பிறை பார்த்து வாடகை கொடுத்தார். ஆறாம் நாள் மண்டியில் தோல்கட்டைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். குதிரைவண்டியில் கொண்டுவந்தார்கள். கையில் உப்பு ஒட்டியிருந்தது. அம்மா அதைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

அன்றைக்கே அம்மா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவன் போய்விட்டால் மனைவி நாலு மாதம் பத்து நாள், அவன் வாழ்ந்த வீட்டிலேயே, வாசற்படி தாண்டாமல், அந்நிய ஆண் முகம் பார்க்காமல் இருக்க வேண்டும். அதுவும் பிறைக் கணக்குத்தான். ஏப்ரல் பத்தாம் தேதி முடியும் என்று பள்ளிவாசலில் எண்ணிச் சொன்னார்கள். அம்மா பின்னறையில் வெள்ளைச் சேலையோடு இருந்தாள். வத்தலக்குண்டில் இருந்த என் மாமா, தன் வீட்டில் வந்து இருக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். "இத்தா முடியுற வரைக்கும் இந்த வீட்ட விட்டு என்னைய தூக்கணும்னா சந்தூக்குலதான் தூக்கணும்" என்று அம்மா சொல்லி அனுப்பினாள். பிணம் சுமக்கிற பெட்டியைச் சொல்கிறாள். அம்மா அதிகம் பேசாதவள், சொன்னால் சொன்னதுதான்.

இனி டப்பாக்கள் என் கையில். மண்டி முதலாளி ஒரு மாதக் கூலி கொடுத்தனுப்பினார். மாமா அரிசி அனுப்பினார். நான் பக்கத்து வீடுகளுக்குப் பாவாடையும் ரவிக்கையும் கையால் தைத்துக் கொடுத்தேன். காசை எந்த டப்பாவில் போடுவது, எந்த டப்பாவில் இருந்து எடுப்பது என்று தினம் மண்டையைப் பிய்த்துக்கொள்வேன். பால்காரம்மா தினமும் வாசலுக்கு வருவாள், அவளுக்கு இல்லையென்று சொல்ல நாக்கு வராது. சலவைக்காரர் அம்மாவின் வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு போகிறவர். பலசரக்குக் கடையில் நிறுத்தினால் அடுப்பு எரியாது. முகத்துக்கு நேரே வந்து நிற்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். வந்து நிற்காதது வாடகை ஒன்றுதான். கேட்டதே இல்லை அல்லவா, அந்தப் பெருமையில் அந்த டப்பா காலியாயிற்று.

ஆனால் கேட்காத அந்தப் பெரியவர் ஒரு வருஷம் முந்தியே காலமாகிவிட்டார். ஊரில் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மகன் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். நோன்பு பிடித்த முதல் வாரம், மத்தியானம், அவர் எங்கள் வாசலில் வந்து செருமினார். வயதுக்கு வந்த பெண் அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாது; நான் கதவை ஒருக்களித்துத் திரையை இழுத்துவிட்டு உள்ளே நின்றேன்.

"ஏத்தா, பாய் வீட்டுப் புள்ளையா? நான் கடக்காரன் பேசுறேன். துக்கம் நடந்த வீடுன்னு இம்புட்டு நாளு வாய் தொறக்கல. டிசம்பர், ஜனவரின்னு ரெண்டு மாசம் நிக்குது."

"தாரோம்ணே. செத்த நாள் பொறுங்க."

"பொறுக்குறதுக்கு என்ன இருக்கு. மழை இல்ல, காட்டுல கடலையும் போச்சு. எம் பொண்டாட்டி புள்ளைகள இங்கிட்டு கொண்டாரணும். மார்ச்சு ஒண்ணுக்குள்ள பாக்கியக் குடுங்க, இல்லையா, வீட்டக் காலி பண்ணிக் குடுங்க தாயி. நான் என்ன கல்நெஞ்சுக்காரனா, எனக்கும் வழி இல்ல."

மார்ச் ஒன்று. இத்தாவில் மூன்று மாதம்கூட நிறையாது. பின்னறையில் அம்மாவின் தஸ்பீஹ் மாலையில் மணி நகர்கிற சத்தம் நின்றுவிட்டது.

அவர் போனதும், பாக்கி இரண்டு மாதமா, இல்லை கொஞ்சமாவது குறையுமா என்று பார்ப்பதற்காகப் பரணில் இருந்த நீள நோட்டை எடுத்தேன். முற்றத்து வெயிலில் உட்கார்ந்து பிரித்தேன். முதல் பக்கத்தின் தலைப்பில் நாங்கள் குடி வந்த தேதி, டிசம்பர் ஒன்று. கடைசிக் கையெழுத்து நவம்பர் கடைசியில். நடுவில் சரியாகப் பன்னிரண்டு வருஷம். பன்னிரண்டு பக்கம் இருக்க வேண்டும். பக்கங்களை எண்ணினேன். பன்னிரண்டு பக்கம் நிறைந்து, பதின்மூன்றாவது பக்கத்தில் நாலு வரி இருந்தது.

பக்கத்தைத் தவறாக எண்ணிவிட்டேன் என்று கையெழுத்துகளை எண்ணினேன். நூற்று நாற்பத்தெட்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு நூற்று நாற்பத்து நாலுதானே வர வேண்டும்? மறுபடி எண்ணினேன். மூன்றாம் தடவை எண்ணும்போதுதான் தேதிகளைப் பார்த்தேன். வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் முன்னால் ஓடிக்கொண்டே போயிருந்தது. பிறை மாதம் இருபத்தொன்பது நாள், முப்பது நாள். இங்கிலீஷ் மாதம் அதைவிட நீளம். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே மாதத்தில் இரண்டு வாடகை விழுந்திருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் நாலு வாடகை அதிகம்.

வீடு தப்பிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நான். படவில்லை. என் கண் பத்தாவது பக்கத்தில் போய் நின்றுவிட்டது. டிசம்பர் முதல் தேதி ஒரு கையெழுத்து. அதே டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி இன்னொரு கையெழுத்து. அது என் சம்பளத்தைக் கட்டாமல் விட்ட டிசம்பர்.

"கையில இல்லத்தா" என்று தலை குனிந்தாரே, அதற்கு ஒரு வாரம் முந்தித்தான் பன்னிரண்டு ரூபாயைச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. நோட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். "நாலு வாடகை! நாப்பத்தெட்டு ரூபா! ஒரு வருசம் நான் படிச்சிருப்பேன்மா! பத்தாவது முடிச்சிருப்பேன், வாத்திச்சியாகூட ஆகியிருப்பேன். வானத்தப் பாத்துக்கிட்டே நின்ன மனுசன் வீட்டுக்குள்ள ஒரு தடவ பாத்தாகளா?" என்று கத்தினேன். நோன்பு வாயோடு கத்தினேன்.

"ஏசாத. மவுத்தான மனுசர ஏசாத" என்றாள் அம்மா உள்ளிருந்து.

"ஒங்களுக்குத் தெரியுமா இது?"

தஸ்பீஹைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஒரு தடவ சொன்னேன். போன மாசம்தான் குடுத்தீக, அதுக்குள்ள என்ன அவசரம்னு. பிறை பாத்தாச்சு, இனி அது கடன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. அதுக்கு மேல நான் கேக்கல" என்றாள். எந்த மாதம் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவைக் கடைக்கு அனுப்பி வீட்டுக்காரரை வரச் சொன்னேன். அவர் பணத்தை எதிர்பார்த்து வந்தார். திரைக்கு அடியில் நோட்டை நகர்த்தினேன்.

"எண்ணிப் பாருங்கண்ணே. முதல் தேதியையும் கடைசித் தேதியையும் பாருங்க. அப்புறம் ஒங்க வீட்டுக் கையெழுத்து எத்தனைன்னு எண்ணுங்க."

வெளியே வாசற்படியில் உட்காருகிற சத்தம் கேட்டது. விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புகிற சத்தம். ஒரு தடவை முடித்து மறுபடி முதலில் இருந்து எண்ணினார். நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனால் நான் என்ன செய்ய முடியும்? வாசலைத் தாண்டி நான் ஓடிப்போய்ப் பிடிக்கவா முடியும்?

"எங்கய்யா தெரிஞ்சு வாங்கியிருக்க மாட்டாரு தாயி" என்றார் கடைசியில். குரல் வேறு மாதிரி இருந்தது.

"எங்கத்தாவும் தெரிஞ்சு குடுத்திருக்க மாட்டாகண்ணே" என்றேன். அது பொய்யாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தன் பேச்சைப் பற்றித் தெரிந்திருக்கும்.

"அப்ப டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு. நாலு மாசமும் குடுத்தாச்சு. யாரும் வந்து ஒங்கள ஒண்ணும் கேக்க மாட்டாக. இருந்துக்கங்க."

பின்னறையில் இருந்து அம்மாவின் குரல், சுவரைப் பார்த்துப் பேசுகிற குரல், வந்தது. "ஏப்ரல் பத்து வரைக்கும் நான் இருக்கணும் தம்பி. பதினொண்ணாந்தேதி சாவி வந்துரும். நடுவுல பத்து நாளுக்கு எம்புட்டுன்னு சொல்லுங்க."

"பத்து நாளுதான, விடுங்கம்மா."

"சொல்லுங்க."

"நாலு ரூவா" என்றார் அவர், ஏதோ தப்புச் செய்தவர் போல.

நோன்புப் பெருநாள் வந்தது, போனது. தெருவே புதுத்துணியில் இருந்தது, பாதித் துணி நான் தைத்தது. நாலு ரூபாயை வாடகை டப்பாவில் சேர்த்தேன். ரவிக்கை ஒன்றுக்கு மூன்றணா. நயாபைசா வந்து வருஷக்கணக்கில் ஆகியும் எங்கள் தெருப் பெண்கள் அணாவில்தான் பேசினார்கள். ஒவ்வொரு காசு போடும்போதும் அத்தா மேல் கோபம் வந்தது. அவர் கட்டிய நாலு மாதத்துக்குள்தான் உட்கார்ந்து தைக்கிறேன் என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகவில்லை. சில நாள் நோட்டை எடுத்துக் கிழிக்கலாமா என்று வரும். சில நாள் அவர் எழுதின ரஜபு, ஷாபானைத் தடவிப் பார்ப்பேன்.

ஏப்ரல் பத்து முடிந்தது. மறுநாள் காலை அம்மா குளித்து, வெள்ளை மாற்றி, வாசலுக்கு வந்தாள். நாலு மாதம் வெயில் படாத முகம் வெளுத்துக் கிடந்தது. சாமான் ஏற்றிக்கொண்டு போக மாமா மாட்டுவண்டி கொண்டுவந்திருந்தார். வீட்டுக்காரர் தள்ளி நின்றார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சாவியையும் நாலு ரூபாயையும் நோட்டையும் படியில் வைத்தேன். அவர் பணத்தைத் தொடவில்லை.

"கையெழுத்துப் போடுங்கண்ணே" என்றேன்.

பதின்மூன்றாவது பக்கத்தில், அத்தாவின் நாலு வரிக்குக் கீழே, ஐந்தாவது வரியில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அதன் பக்கத்தில் பிறை மாதத்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தை நான் காலியாகவே விட்டுவிட்டேன்.

வத்தலக்குண்டு பஸ்ஸில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நோட்டு அவள் மடியில் இருந்தது. பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"அந்த டிசம்பர் மாசம்தான் நான் கேட்டது. ஒன் சம்பளத்தக் கட்டிட்டு வாடகைய அடுத்த வாரம் குடுங்கன்னு காலப் புடிச்சுக் கேட்டேன். கேக்கல. இப்பப் பாரு, ஒன் படிப்பு மேலதான் நான் நாலு மாசம் ஒக்காந்திருந்திருக்கேன்."

கண்டக்டர் வந்து நின்றார். நான் இரண்டு டிக்கெட் கேட்டேன்.